கட்டிலுக்கும் நாடி துடித்தது

முதன்முதலாக வார்டுக்குள் நுழைந்த அன்றே எனக்கு ஒரு கட்டில் கிடைத்துவிட்டது. நர்ஸிங் படிக்க வந்தவளுக்குக் கட்டில் எதற்கு என்று கேட்பீர்கள். யாரோ ஒரு அம்மாவின் காலில் புண் கட்டைப் பிரித்தார்கள். பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கு மேல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். ஆறாம் கட்டிலில் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒருவர் பதறி எழுந்து இடம் விட்டாராம், நான் அதில் சரிந்தேனாம். கண் விழித்தபோது அவர் என் பக்கத்தில் நின்று, வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

“எழுந்து நடங்கம்மான்னு தொண்டை வத்தக் கத்தினோம், கேக்கல. இந்தப் பொண்ணு வந்துதான் நடக்க வெச்சுது” என்றார் வார்டு சிஸ்டர். அவர் பாராட்டினாரா என்று இன்று வரை தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து வகுப்பில் எனக்குப் பெயர் ‘ஆறாம் கட்டில்’. பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த பெயரை இப்போது என் அம்மாவைத் தவிர யாரும் கூப்பிடுவதில்லை.

மயங்கி விழுவதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எனக்கு இரக்க குணம் அதிகம், எந்த வார்டுக்குப் போனாலும் அந்த வார்டின் நோய் எனக்கும் வந்துவிடும். இதய வார்டில் இருந்தபோது இடது தோள் வலித்தது. சிறுநீரக வார்டில் கால் வீங்கியதாகத் தோன்றி தினமும் என் கணுக்காலை அழுத்தி அழுத்திப் பார்த்தேன், அழுத்தியதிலேயே அது வீங்கியது. பிரசவ வார்டுக்கு அனுப்பியபோதுதான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன். அங்கேயும் இரண்டாம் நாள் காலையில் குமட்டியது என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் விடுதியில் ஒவ்வொருத்திக்கும் பயத்தைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. ஒருத்தி துவைத்த துணியையே மறுபடி துவைப்பாள். ஒருத்தி பேனா மூடியைக் கடித்து விழுங்கும் நிலைக்கு வந்துவிட்டாள். பெரும்பாலானவர்கள் வார்டின் மூலையில் இருக்கும் துணி அறைக்குப் போய் அழுவார்கள். போர்வையும் தலையணை உறையும் அடுக்கி வைத்த அந்த அறையில் சத்தம் வெளியே கேட்காது. பிரச்சினை என்னவென்றால், அங்கே இரண்டு பேருக்கு மேல் நின்று அழ இடமில்லை. பல நாள் நான் கதவைத் தட்டி, “உள்ள ஆள் இருக்கா?” என்று கேட்டு, “இருக்கோம்” என்று பதில் வந்து, அழுகையை அடக்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு கல்லூரியில் ஒரு மனநல ஆலோசகரை அழைத்து வந்தார்கள். அவர் எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். பதற்றமாக உணர்கிறீர்களா, தூக்கம் வருகிறதா, அழ வேண்டும் போல் இருக்கிறதா என்று கேள்விகள். கேள்வித்தாள் என்றதும் எனக்குத் தேர்வு ஞாபகம் வந்துவிட்டது. தப்பாக எழுதிவிடுவோமோ என்ற பயத்தில் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து அப்படியே எழுதினேன். அவள் வகுப்பில் முதல் மாணவி. முடிவு வந்தபோது அவளுக்கு மன அழுத்தம் துளியும் இல்லை என்று இருந்தது. அதனால் எனக்கும் இல்லை. “உன்ன மாதிரி எல்லாரும் இருந்தா எனக்கு வேலையே இல்ல” என்று ஆலோசகர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வேடிக்கை போதும், விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வார்டிலும் பயிற்சி முடியும்போது ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. ஒரு நோயாளியைக் காட்டுவார்கள். காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து, அவரிடம் பேசி, மருந்து கொடுத்து, கடைசியில் அவர் நிலைமையைச் சொல்ல வேண்டும். ஆசிரியை பக்கத்தில் நின்று பார்ப்பார். பொது மருத்துவ வார்டில் நடந்த இந்தத் தேர்வில் நான் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும்போது ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்ட மறந்து, கழுத்தில் தொங்கவிட்டபடியே, “சத்தம் எதுவும் கேக்கல மேடம்” என்று சொன்னேன். “நான் உயிரோடதாம்மா இருக்கேன்” என்றார் அந்த நோயாளி, பாவம்.

இரண்டாவது முறையும் தோற்றால் ஒரு வருஷம் கீழே இறங்கி, அடுத்த அணியோடு உட்கார வேண்டும். அடுத்த அணியில் யார் இருக்கிறாள் தெரியுமா? என் தங்கை.

அவள் என்னைவிட இளையவள். நான் நர்ஸிங் சேர்ந்ததும், “அக்கா படிக்கறதையே நானும் படிக்கறேன்” என்று வந்து சேர்ந்தாள். பாசம் என்று அம்மா சொன்னாள். படையெடுப்பு என்று நான் நினைத்தேன். பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம் அவள். அவளுடைய அணி இன்னும் வார்டுக்குள் நுழையவில்லை, ஆய்வுக்கூடத்தில் பொம்மையை வைத்துத்தான் பழகுகிறார்கள். அங்கே அவள்தான் ராணி. அவள் ஊசி போட்டால் பொம்மையே சிரிக்கும் என்று சொல்வார்கள். நாங்கள் விடுதியில் ஒரே அறை. நான் புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தால், அவள் எதிர்க்கட்டிலில் உட்கார்ந்து, “அக்கா, நீ எதுக்கு இவ்வளவு டென்ஷன் ஆகற? மூச்ச நல்லா இழுத்து விடு” என்பாள். தங்கை அக்காவுக்கு மூச்சு விடக் கற்றுத்தருகிற வீட்டில் அக்காவுக்கு என்ன மரியாதை மிஞ்சும்?

அவள் பக்கத்தில் ஒரே பெஞ்சில் உட்காருவதை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் கேள்வி கேட்பார், நான் விழிப்பேன், அவள் எழுந்து பதில் சொல்வாள், எல்லோரும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அப்புறம் ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் வேறு. “பெரியவ என்ன படிக்கறா?” “சின்னவ படிக்கறதத்தான்.” இதைக் கேட்பதைவிட மறுபடி மயங்கி விழுவது மேல். எப்படியாவது இந்தத் தேர்வில் தேறிவிட வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்த வாரம் முழுக்க என் புத்தியில் ஓடியது இது ஒன்றுதான்.

தேர்வு வைப்பவர் எங்கள் ஆசிரியை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்கேன் மேடம். உடையின் மேல் போட்ட இஸ்திரிக்கு அடியில் நேற்றுப் பட்ட கறையைக்கூடக் கண்டுபிடிப்பார். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

எனக்குக் கிடைத்த நோயாளி ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ஜெராக்ஸ் அம்மா. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் என்பதால் வார்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மூச்சிரைப்போடு வந்தவர். புகைபோல வரும் மருந்தை மூக்கில் மூடி மாட்டி உறிஞ்ச வைக்கும் மெஷினால் நன்றாகத் தேறி, அன்று மத்தியானம் வீட்டுக்குப் போக இருந்தார். பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

“சீக்கிரம் பாத்துட்டு விடும்மா. பரீட்சை நேரம், கடையில கூட்டம் நெரியும். என் பொண்ணு கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன், அவ ரெண்டு பக்கமும் ஒரே பக்கத்தையே அடிச்சுக் குடுக்கறாளாம்” என்றார்.

நல்ல மனுஷி, கலகலப்பாகப் பேசுகிறார், பிழைத்தோம் என்று நினைத்தேன். காய்ச்சல் பார்த்தாயிற்று. தெர்மாமீட்டர் உடையவில்லை. அடுத்தது நாடி.

நாடி பார்ப்பது எப்படி என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேட்டவர்களுக்கு எழுதியும் காட்டியிருக்கிறேன், படத்தோடு. அன்று என் மூன்று விரல்களும் அவர் மணிக்கட்டில் நிற்காமல் மேளம் வாசித்தன. எங்கே அழுத்தினாலும் ஒன்றும் தெரியவில்லை. போதாக்குறைக்கு ஊசிக் குழாயை எடுத்த இடத்தில் பிளாஸ்திரி வேறு ஒட்டியிருந்தது. ஸ்கேன் மேடம் கட்டிலின் கால்மாட்டில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அடுத்த கட்டிலில் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பேனா மூடிக்காரி தண்ணீர்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். மேடம் அந்தப் பக்கம் திரும்பினார். ஆபத்பாந்தவி என்று அவளை மனதுக்குள் வாழ்த்திவிட்டு, ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல ஜெராக்ஸ் அம்மாவின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்தேன். உடனே துடிப்பு கிடைத்தது. திம் திம்மென்று பலமான துடிப்பு. கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினேன்.

“எவ்வளவு?” என்று கேட்டுக்கொண்டே மேடம் திரும்பி வந்தார்.

“நூத்திமுப்பத்திரண்டு மேடம்.”

அவர் புருவம் உயர்ந்தது. வழக்கத்துக்கு அது ரொம்ப அதிகம். உட்கார்ந்த இடத்தில் ஒருவருக்கு அவ்வளவு வேகமாக நாடி ஓடக் கூடாது.

“ஐயோ, அதிகமா? என்னம்மா சொல்றே?” என்றார் ஜெராக்ஸ் அம்மா. மடியில் இருந்த பை சரிந்து விழுந்தது.

மேடம் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். “கொஞ்சம் கொறஞ்சிருக்கு. ஆனாலும் வேகமாத்தான் ஓடுது” என்றவர் என்னைப் பார்த்தார். “வீட்டுக்குப் போற பேஷன்ட்தானேன்னு ஏதோ ஒரு நம்பரச் சொல்லாம முழுசா எண்ணியிருக்கே. கவனிச்சது நல்லது. மிச்சத்தப் பாக்க வேண்டாம், நீ பாஸ்.”

அப்போது அவர் சிரித்தார். ஸ்கேன் மேடத்துக்குப் பல் வரிசை அழகு என்பதை உலகத்தில் முதலில் கண்டுபிடித்தவள் நான்.

அடுத்து எல்லாம் மளமளவென்று நடந்தது. வார்டு சிஸ்டர் ஓடி வந்தார், சின்ன டாக்டரைக் கூப்பிட்டார். சின்ன டாக்டர் என்பவர் எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர், தூக்கமில்லாத கண்ணோடு எப்போதும் எதையாவது தேடிக்கொண்டிருப்பார். ஈசிஜி எடுக்கச் சொன்னார். சக்கர நாற்காலியில் ஜெராக்ஸ் அம்மாவை உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. போகும்போது திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், போனை எடுத்து அம்மாவுக்கும் தங்கைக்கும் ‘பாஸ்’ என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். அம்மாவிடமிருந்து உடனே குரல் செய்தி வந்தது. எதிர்வீட்டு அக்காவிடமும் தையல்கடைக்காரரிடமும் ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம், இனி தெருவில் மீதமிருப்பது நாய்கள் மட்டும்தான். தங்கையிடமிருந்து பதில் வர நேரமாயிற்று. ‘சூப்பர் அக்கா’ என்று ஒரே வரி. பொறாமை என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது.

போர்வையைச் சரிசெய்து கட்டிலைத் தயாராக வைக்கலாம் என்று குனிந்தேன். சந்தோஷத்தில் கால் தள்ளாடியது. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கம்பி துடித்தது.

திம் திம்மென்று, அதே பலத்தோடு, அதே வேகத்தில் துடித்தது. கட்டிலில் யாரும் இல்லை. நான் குனிந்து என் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் கம்பியின் மேல் அழுந்தியிருந்தது. பழக்க தோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்து எண்ணவும் செய்தேன். இரும்புக் கட்டிலுக்கு நூற்று இருபத்தொன்பது.

நாடியைக் கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. இது எங்களுக்கு முதல் வாரமே சொல்லித்தருவது. கட்டைவிரலுக்குள் ஓடும் ரத்தக்குழாய் பெரிசு, அழுத்தினால் நம்முடைய துடிப்பே நமக்குத் தெரியும். இதையும் நான் படத்தோடு எழுதியிருக்கிறேன். ‘கட்டைவிரல் கூடாது’ என்பதற்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு வேறு போட்டிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், என் சுரைக்காய் இன்னொருத்தரை ஈசிஜி மெஷினில் படுக்க வைத்துவிட்டது.

ஆக, நான் ஒரு நிமிஷம் முழுசாக, பொறுப்பாக, கண்ணும் கருத்துமாக எண்ணியது என்னுடைய பயத்தை.

அப்புறம் அங்கேயே நின்றபடி எனக்கு நானே வக்கீலாகி வாதாடினேன். மேடமே வேகமாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டார், நான் யார் மறுக்க? டாக்டர் பார்க்கப் போகிறார், அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியுமா? ஈசிஜியில் ஒன்றுமில்லை என்று வந்தால் தானாகவே அனுப்பிவிடப் போகிறார்கள். இதற்குள் நான் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும்? வாதம் நன்றாகத்தான் இருந்தது. நீதிபதியும் நானே என்பதால் தீர்ப்பும் எனக்குச் சாதகமாகவே வரும் போலிருந்தது.

சக்கர நாற்காலி திரும்பி வந்தது. பின்னாலேயே சின்ன டாக்டர் ஈசிஜிக் காகிதத்தை விரித்தபடி வந்தார். “வேற கோளாறு ஒண்ணும் தெரியல. ஆனா ரேட் அதிகமாத்தான் இருக்கு” என்று வார்டு சிஸ்டரிடம் சொன்னார். “மூச்சு மெஷின்ல போற மருந்தாலதான் இருக்கும், அது நாடிய ஏத்தும். அத நிறுத்திடலாம். இன்னிக்கு அனுப்ப வேண்டாம். ரத்தம் எடுத்து அனுப்புங்க.”

அதிகமாக இல்லாமல் எப்படி இருக்கும்? வீட்டுக்குக் கிளம்பிய மனுஷியை, ‘உனக்கு நூற்றுமுப்பத்திரண்டு’ என்று பயமுறுத்தி, நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய், நெஞ்சில் ஒயரை ஒட்டினால் கல்லுக்கும் நாடி ஏறும். நான் சொன்ன பொய்யை அந்த அம்மாவின் பயமே உண்மையாக்கிவிட்டது.

இப்போது அவருக்கு மூச்சுக் கொடுத்த மருந்தையே நிறுத்தப் போகிறார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தங்கையின் பெஞ்சு கண்முன் வந்து நின்றது. எதிர்வீட்டு அக்கா வந்து நின்றார். தையல்கடைக்காரர்கூட வந்து நின்றார்.

வார்டு சிஸ்டர் மெஷினின் குழாயைச் சுருட்டி எடுத்துப் போனார். ஜெராக்ஸ் அம்மா கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். அவருடைய கை ஐஸ் மாதிரி இருந்தது.

“கண்ணு, நீ கண்டுபிடிக்கலன்னா நான் வீட்டுல போய் விழுந்திருப்பேன், இல்ல?” என்றார். “என் பொண்ணுக்கு வெவரம் பத்தாது. நான் போயிட்டா அவளுக்கு யாரும் இல்லம்மா. நீ நல்லா இருக்கணும்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாழ்த்திவிட்டார்.

“அது உங்க நாடி இல்லம்மா” என்றேன்.

“என்னது?”

“நான் தப்பாப் பிடிச்சுட்டேன். கட்டவிரல வெச்சுப் பாத்துட்டேன். நான் எண்ணினது என் நாடி. உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா. நான் சொன்னதக் கேட்டு பயந்துதான் உங்களுக்கு ஏறியிருக்கு.”

சின்னக் குரலில்தான் சொன்னேன். ஆனால் வார்டு முழுக்க அந்த நேரம் பார்த்து அமைதியாகிவிட்டது. சின்ன டாக்டர் நடையில் நின்று திரும்பினார். ஸ்கேன் மேடம் பேனா மூடிக்காரியின் கட்டிலிலிருந்து நிமிர்ந்தார். எனக்குக் காது இரண்டும் எரிந்தன.

ஜெராக்ஸ் அம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். “அப்ப எனக்கு ஒண்ணுமில்ல?”

“இல்லம்மா.”

“உனக்குத்தான் நூத்திமுப்பத்திரண்டு?”

“ஆமாம்மா.”

“அப்ப உன்னையில்ல படுக்க வெக்கணும்!”

பக்கத்துக் கட்டில்காரர் களுக்கென்று சிரித்தார். இன்னொருவருக்கும் தொற்றியது. ஆனால் ஜெராக்ஸ் அம்மா சிரிக்கவில்லை. கையை என் பிடியிலிருந்து உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அவர் தோள் குலுங்கியது. அழைத்துப் போக வந்திருந்த அவர் மகள் வாசலிலிருந்து வேகமாக வந்தாள். விவரம் பத்தாது என்று அம்மா சொன்ன அந்தப் பெண் என் முகத்துக்கு நேராக நின்று, “ஏங்க, நீங்க படிக்கறதுக்கு எங்கம்மாதான் கெடைச்சாங்களா? பயத்துலயே அவங்களுக்கு மூச்சு இழுத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?” என்று கேட்டாள்.

“தப்புதாங்க” என்றேன். அவள் சொன்னது அத்தனையும் நியாயம்.

சின்ன டாக்டர் எல்லோரையும் விலக்கிவிட்டு, ஜெராக்ஸ் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி, அவர் அழுது ஓயும்வரை காத்திருந்து தானே நாடி பார்த்தார். சாதாரணமாக இருந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தார், அப்போதும் அப்படியே. மெஷின் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று வார்டு சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்ப உத்தரவு கொடுத்தார். போகும்போது என் பக்கத்தில் நின்று மெதுவாக, “முதல் வருஷத்துல நான் ஒருத்தருக்குக் கட்டுப் போடும்போது கத்திரிக்கோலையும் சேத்து உள்ள வெச்சுக் கட்டிட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறுதலாகத்தான் சொன்னார். இனி இந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

ஸ்கேன் மேடம் என்னைத் துணி அறைக்கு அழைத்துப் போனார். உள்ளே அழுதுகொண்டிருந்த ஒருத்தி எங்களைப் பார்த்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். மேடம் மதிப்பெண் தாளை எடுத்து, ‘பாஸ்’ என்று எழுதியிருந்ததை அடித்தார்.

உண்மையை நானாகச் சொன்னதற்கு ஏதாவது பார்ப்பார் என்று ஒரு சபலம் எனக்கு இருந்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டும்விட்டேன். “மேடம், நானாத்தானே சொன்னேன்?”

“சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கே உன்ன வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். சொன்னதுக்கெல்லாம் மார்க் கெடையாதும்மா, சொல்லித்தான் ஆகணும்” என்றார். குரலில் கோபம் இல்லை. “போய் மொகத்தக் கழுவு. திங்கக்கெழமையிலேர்ந்து சின்ன பேட்ச்சோட வா.”

சாயங்காலம் ஜெராக்ஸ் அம்மா கிளம்பியபோது நான் லிஃப்ட் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். மகள் பையை என் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். ஜெராக்ஸ் அம்மா மன்னித்தாரா என்று தெரியாது. லிஃப்ட் கதவு மூடும்போது, “நேரா நேரத்துக்கு சாப்புடு” என்று மட்டும் சொன்னார்.

விடுதி அறைக்குப் போகும் வழியெல்லாம் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அவள் சிரித்தால் எப்படி முறைப்பது, அறிவுரை சொன்னால் எப்படிக் கதவைச் சாத்துவது, பரிதாபப்பட்டால் என்ன செய்வது எல்லாம் யோசித்துவைத்தேன். பரிதாபத்தைத்தான் தாங்க முடியாது என்று தோன்றியது.

அவள் கட்டிலில் உட்கார்ந்து புதிய வெள்ளைச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். திங்கள்கிழமை அவளுடைய அணி முதன்முதலாக வார்டுக்குள் போகிறது.

“நான் பாஸ் இல்லடி” என்றேன் கதவருகிலேயே நின்று. “ஃபெயில். திங்கக்கெழமையிலேர்ந்து உங்க கூடத்தான்.”

ஊசி அப்படியே நின்றது. “நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

“அப்பாடா!” என்றாள்.

நான் தயாராக வைத்திருந்த எதிலும் இது இல்லை. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “என்னடி அப்பாடா? என் பொழப்பு நாறிக்கெடக்கு, உனக்கு அப்பாடாவா?” என்று கத்தினேன். அவள் சீருடையை முகத்தில் பொத்திக்கொண்டு ஏங்கி ஏங்கி அழ ஆரம்பித்தாள். பொத்தான் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று.

“எனக்குப் பயமா இருக்குக்கா” என்றாள். “பொம்மைன்னா சும்மா படுத்திருக்கும். நெஜ மனுஷங்க அழுவாங்க, கையப் பிடிப்பாங்க. ஒரு வாரமாத் தூக்கமே இல்ல. நீ பாஸ்னு போட்டதும் நான் பாத்ரூம்ல போய் வாந்தி எடுத்தேன். நீ மேல போயிட்டா நான் தனியா எப்படிக்கா உள்ள போவேன்?”

“உனக்கா பயம்? வீட்டுல கரப்பான்பூச்சிய வெறுங்கையால பிடிச்சவ நீ!”

“கரப்பான்பூச்சிக்கு வலிக்குதான்னு யாருக்கா கேக்கறாங்க?”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை மாதமும் ராத்திரியில் எனக்கு மூச்சு விடக் கற்றுத்தந்தது யாருக்காக என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு எதிர்க்கட்டிலில் உட்கார்ந்து இவள் தனக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்டு முழுக்க இருக்கிற நோயெல்லாம் எனக்கு வந்தது, ஒரே அறையில் இருக்கிறவளுக்கு என்ன என்று தெரியவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

“நீ தெனமும் நடுங்கிக்கிட்டேதான் போறே. ஆனா மறுநாளும் போறே” என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. “எனக்கு அது வராதுக்கா. நீ பக்கத்துல இருந்தா நானும் போயிடுவேன்.”

பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்து யாரும் தைரியம் கொண்டதில்லை. அந்தப் பெருமை வந்து சேர்ந்த நாளில் நான் ஃபெயிலாகியிருந்தேன். அம்மாவின் எண் போனில் மின்னிக்கொண்டே இருந்தது, இன்னும் எத்தனை பேரிடம் சொன்னாளோ தெரியவில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கவிழ்த்துவைத்தேன்.

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பயந்துட்டா பேஷன்ட்ட யாருக்கா பாக்கறது?” என்று கேட்டாள் தங்கை. அவளுக்கு அதிலும் சந்தேகம்.

“ஷிஃப்ட் போட்டுக்கலாம்டி” என்றேன். “காலையில நீ பயப்படு, மத்தியானத்துக்கு மேல நான் வந்து பயப்படறேன்.”